வாங்கும் மேசையில் தொடங்கும் ஆட்டம்: கால்பந்துக் கழகங்களின் வீரர் சேர்க்கையும் அணி ஒருங்கிணைவும்

1. கேள்வி

ஓர் அணி தொடர்ந்து தோற்கும்போது முதலில் வேலை இழப்பவர் பயிற்சியாளர். வீரர்களை வாங்குவது நிர்வாகத்தின் வேலை, அவர்களை ஆடவைப்பது பயிற்சியாளரின் வேலை என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இதற்குப் பின்னால் இருக்கிறது. கோடைக்கால டிரான்ஸ்ஃபர் சந்தை மூடப்பட்டதும் யார் எவ்வளவு செலவிட்டார்கள் என்ற பட்டியல்கள் வெளியாகின்றன. பருவம் தொடங்கியதும் பேச்சு 4-3-3, 3-4-3 என்று எண்களுக்கு மாறிவிடுகிறது. வாங்கப்பட்டவர் எப்படி அணியின் உறுப்பாக மாறுகிறார், அல்லது மாறாமல் போகிறார் என்பது இவ்விரண்டு பேச்சுகளுக்கும் நடுவில் காணாமல் போகிறது.

இக்கட்டுரை அந்த நடுப்பகுதியை ஆராய்கிறது. ஒரு கழகம் வீரர்களைத் தேர்ந்து சேர்க்கும் விதம், களத்தில் அவர்களுடைய ஒருங்கிணைவையும் ஆட்ட உத்தியையும் எந்த அளவுக்கு முன்கூட்டியே தீர்மானிக்கிறது என்பதே கேள்வி. மூன்று கழகங்களை முதன்மைச் சான்றுகளாக எடுத்துக்கொள்கிறேன். 2015 முதல் 2020 வரையிலான லிவர்பூல். 2022இல் உரிமை கைமாறிய பிறகான செல்சி. நூறாண்டுக்கும் மேலாகப் பாஸ்க் வீரர்களை மட்டுமே ஆடவைத்துவரும் பில்பாவோ நகரத்து அத்லெட்டிக். லெஸ்டர் சிட்டியும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட்டும் வாதத்தைச் சோதித்துப் பார்க்க உதவும்.

ஓர் அணி எப்படியெல்லாம் ஆட முடியும் என்பதன் எல்லை பயிற்சி மைதானத்துக்கு முன்பே, வாங்கும் மேசையில் வரையப்பட்டுவிடுகிறது என்பது என் வாதம். ஒருங்கிணைவு கெடுவதற்குப் புதியவர்கள் பலர் வந்துவிட்டதைக் காரணமாகச் சொல்வது வழக்கம். வாங்குகிறவர் மனத்தில் ஓர் அணியும் பயிற்றுவிப்பவர் மனத்தில் இன்னோர் அணியும் இருப்பது அதைவிடப் பெரிய காரணம் என்று சான்றுகள் காட்டுகின்றன.

2. இதுவரையிலான புரிதல்கள்

இது குறித்து மூன்று வகையான விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, பணம். சைமன் கூப்பரும் பொருளியலாளர் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கியும் 2009இல் வெளியிட்ட ‘சாக்கர்னாமிக்ஸ்’ நூல் இதை வலுவாக முன்வைத்தது. 1978 முதல் 1997 வரை 40 இங்கிலாந்துக் கழகங்களின் கணக்குகளை ஆராய்ந்து, லீக் பட்டியலில் கழகங்கள் பெற்ற இடங்களுக்கிடையிலான வேறுபாட்டில் 92 விழுக்காட்டைச் சம்பளச் செலவு விளக்குவதாகவும், டிரான்ஸ்ஃபருக்கான நிகரச் செலவு 16 விழுக்காட்டை மட்டுமே விளக்குவதாகவும் அவர்கள் கண்டனர். நல்ல வீரர்களுக்கு நல்ல சம்பளம் தரும் கழகம் நீண்டகால நோக்கில் மேலே இருக்கும் என்பது இதன் சாரம். இதை மறுக்க முடியாது. ஆனால் இவ்விரண்டு எண்களுக்கு இடையேயுள்ள இடைவெளியே நம் கேள்விக்குத் தொடக்கம். விலை கொடுத்து வாங்குவது ஏன் அவ்வளவு குறைவாகப் பலன் தருகிறது? சந்தையில் ஒரு வீரருக்கு உள்ள விலையும் குறிப்பிட்ட ஓர் அணிக்குள் அவருக்கு உள்ள பயனும் ஒன்றல்ல என்பது ஒரு பதிலாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, திறமையின் அளவு. ரோடெரிக் ஸ்வாப்பும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒருவரையொருவர் சார்ந்து ஆடும் கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் நட்சத்திரங்கள் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் அணியின் செயல்பாடு குறைகிறது என்றது. ஒவ்வொருவரும் பெரிதும் தனித்தே இயங்கும் பேஸ்பாலில் இந்தச் சரிவு தென்படவில்லை. ஆனால் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்து அதே இதழில் 2021இல் வெளிவந்த ஆய்வு, சரிவு எதுவும் இல்லை என்றும், கூடுதல் திறமையால் கிடைக்கும் பலன் படிப்படியாகக் குறைகிறது, அவ்வளவுதான் என்றும் எதிர்வாதம் செய்தது. திறமை மிகுந்தால் கெடுதல் என்ற முடிவை எளிதாக எடுத்துக்கொள்ள இயலாது.

மூன்றாவது, ஒருங்கிணைவு. விளையாட்டு உளவியலாளர் ஆல்பர்ட் கேரன் இதை இரண்டாகப் பிரித்தார். வீரர்கள் ஒருவரையொருவர் விரும்பிப் பழகுவது சமூக ஒருங்கிணைவு. பொது நோக்கத்துக்காகச் சேர்ந்து இயங்குவது பணி ஒருங்கிணைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் அவரும் பிறரும் வெளியிட்ட பகுப்பாய்வு, இரண்டுக்கும் வெற்றியோடு தொடர்பு உண்டு என்றது. ஆனால் பிரையன் மல்லனும் கரோலின் காப்பரும் அதற்கு முன்பே, 1994இல், ஒரு முக்கியமான எச்சரிக்கையைப் பதிவு செய்திருந்தனர். ஒருங்கிணைவால் வெற்றி வருவதைக் காட்டிலும் வெற்றியால் ஒருங்கிணைவு வருவது வலுவான போக்கு என்பது அவர்களுடைய கண்டறிதல். வெல்லும் அணியை யாரும் கலைப்பதில்லை; தோற்கும் அணியை எல்லோரும் கலைக்கிறார்கள். ஆகவே நிலையான அணிகளே வெல்கின்றன என்று காட்டும் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது. குறிப்பிட்ட அணிகளுக்குள் புகுந்து, எது எதை உண்டாக்கியது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

3. களத்தில் ஒருங்கிணைவு என்பது என்ன?

ஓய்வறைச் சிரிப்பும் கோல் அடித்த பின் கட்டிப்பிடிப்பதும் ஒருங்கிணைவின் வெளித்தோற்றங்கள். ஆட்டத்துக்குள் அது மிகவும் பருப்பொருளானது. நொடிகளிலும் மீட்டர்களிலும் அளக்கத்தக்கது.

பின்கள வரிசையை எடுத்துக்கொள்வோம். எதிரணி முன்கள வீரரை ஆஃப்சைடில் சிக்கவைக்க நான்கு பேரும் ஒரே கணத்தில் முன்னேற வேண்டும். மூவர் முன்னேறி ஒருவர் தயங்கினால், அந்த ஒருவரால் எதிரணிக்கு நேர்வழி திறந்துவிடும். பிரஸ்ஸிங்கும் அப்படித்தான். எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்க முன்கள வீரர் ஓடும்போது, அவருக்குப் பின்னால் நடுக்கள வீரர் இடைவெளியை அடைக்க வேண்டும். இரண்டாமவர் ஒரு நொடி தாமதித்தால் முதலாமவரின் ஓட்டம் வீண். அதோடு நிற்காமல் ஆபத்தாகவும் முடியும். நெடுநாள் சேர்ந்து வாசித்த தவில்காரருக்கு நாகஸ்வரக்காரர் எங்கே மூச்சு விடுவார் என்பது சொல்லாமலே தெரிவதைப் போன்ற அறிவு இது. வகுப்பறையில் சொல்லித்தர முடிவது இதில் ஒரு பங்குதான். மீதி சேர்ந்து ஆடிய நேரத்தால் வருவது.

இதிலிருந்து வீரர் சேர்க்கைக்குப் பொருந்தும் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது பொறுப்பு: வருகிறவர் ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட ஒரு வேலைக்கு வருகிறாரா? இரண்டாவது காலம்: அந்த வேலையைக் கற்க அவருக்கு நேரம் தரப்படுகிறதா? மூன்றாவது இணைப்பு: அவர் வருவதால், அல்லது அவருக்காக இன்னொருவர் போவதால், ஏற்கெனவே உருவாகியிருந்த எந்த இணைப்பு அறுகிறது? பின்வரும் கழகங்களை இம்மூன்றையும் கொண்டே மதிப்பிடுகிறேன்.

4. லிவர்பூல்: ஒரே அணியை மனத்தில் வைத்து வாங்கியவர்கள்

2015 கோடையில் லிவர்பூல் இரண்டு முன்கள வீரர்களை வாங்கியது. ஹோஃபன்ஹைமிலிருந்து ராபர்ட்டோ ஃபிர்மினோ, ஆஸ்டன் வில்லாவிலிருந்து கிறிஸ்டியன் பென்டெக்கே. முதலாமவர் கழகத்தின் டிரான்ஸ்ஃபர் குழுவின் தேர்வு, இரண்டாமவர் அப்போதைய மேலாளர் பிரெண்டன் ரோஜர்ஸின் தேர்வு என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. இருவரும் முற்றிலும் வேறான ஆட்டங்களுக்கு உரியவர்கள். பென்டெக்கே உயரமானவர், பெட்டிக்குள் வரும் பந்தைத் தலையால் முட்டக்கூடியவர். ஃபிர்மினோ கீழிறங்கிப் பந்தை வாங்கி, பிறருக்கு வழி திறப்பவர். ஒரே கோடையில் ஒரே கழகம் இரண்டு வெவ்வேறு அணிகளுக்கு ஆள் எடுத்திருந்தது. அக்டோபரில் ரோஜர்ஸ் நீக்கப்பட்டார்.

அவருக்குப் பின் வந்த யூர்கன் குளோப், ஃபிர்மினோவை நடு முன்களத்தில் நிறுத்தினார். பென்டெக்கே அடுத்த ஆண்டே விற்கப்பட்டார். அதன்பின் நடந்த ஒவ்வொரு சேர்க்கையும் ஃபிர்மினோவின் ஆட்டத்திலிருந்து தர்க்கரீதியாகக் கிளைத்தது. நடுவில் இருப்பவர் கீழிறங்கினால் அவர் விட்ட இடத்துக்குள் ஓரங்களிலிருந்து பாய்ந்துவரும் வேகக்காரர்கள் தேவை. 2016இல் சவுத்தாம்ப்டனிலிருந்து சாடியோ மானே வந்தார். 2017இல் ரோமாவிலிருந்து முகமது சாலா வந்தார். இவர்கள் உள்ளே வருவதால் ஓரங்கள் காலியாகும். அதை ஃபுல்பேக்குகள், அதாவது ஓரப் பின்கள வீரர்கள், நிரப்ப வேண்டும். வலப்பக்கத்துக்குக் கழகத்தின் சொந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் வந்தார். இடப்பக்கத்துக்கு, இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டிருந்த ஹல் சிட்டியிலிருந்து சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு ஆண்டி ராபர்ட்சன் வந்தார். ஃபுல்பேக்குகள் மேலேறினால் அவர்கள் விட்டுச்செல்லும் பரப்பைக் காக்க உழைப்பாளிகளான நடுக்கள வீரர்களும், பின்னால் பரந்த வெளியைத் தனியே ஆளக்கூடிய பின்கள வீரரும், பெட்டியை விட்டு வெளியே வரத் தயங்காத கோல் காப்பாளரும் வேண்டும். ஹெண்டர்சன், வைனால்டம், ஃபபின்யோ, விர்ஜில் வான் டைக், அலிசன் ஆகியோர் இருந்த இடங்கள் இவை.

2017 கோடையில் வான் டைக்கை வாங்கும் முயற்சி சவுத்தாம்ப்டனின் எதிர்ப்பால் முறிந்தது. லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. பின்களம் பலவீனமாக இருந்தும் அவசரத்துக்கு வேறொருவரை அந்த இடத்தில் வாங்காமல் அரைப் பருவம் காத்திருந்து, 2018 ஜனவரியில் 7.5 கோடி பவுண்டுக்கு அவரையே வாங்கியது. இந்தக் காத்திருப்பு, கழகம் ஒரு பொறுப்பைத் துல்லியமாக வரையறுத்து வைத்திருந்ததைக் காட்டுகிறது. 2017-18 லீக்கில் 38 கோல் வாங்கிய அணி, வான் டைக் முழுப் பருவமும் ஆடி, அலிசனும் வந்துசேர்ந்த 2018-19இல் 22 கோல்தான் வாங்கியது. அந்த ஆண்டு 97 புள்ளிகளும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும், அடுத்த ஆண்டு 99 புள்ளிகளோடு 30 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டமும் கிடைத்தன.

காலம் என்ற அளவுகோலிலும் இக்கழகம் பாடம் தருகிறது. ராபர்ட்சன் 2017 ஜூலையில் வந்தார். அதே இடத்தில் ஆடிய ஆல்பெர்ட்டோ மொரேனோ காயமடைந்த டிசம்பர் வரை அவர் முதல் தேர்வு அல்ல. ஃபபின்யோ 2018 மே மாதமே வாங்கப்பட்டவர். லீக் ஆட்டத்தில் முதன்முதலாகத் தொடக்கப் பதினொருவரில் இடம்பெற்றது அக்டோபர் இறுதியில். விலை கொடுத்தவரை உடனே ஆடவைக்க வேண்டும் என்ற அழுத்தத்துக்குப் பணியாமல், பிரஸ்ஸிங்கின் நேரக்கணக்கைப் பயிற்சியில் கற்கவிட்டார்கள்.

இதில் தனிமனித மேதைமைக்கு எவ்வளவு பங்கு? சாலாவை வாங்கும்போது குளோப்பின் விருப்பம் ஜெர்மானிய வீரர் யூலியன் பிராண்ட் பக்கம் இருந்தது; விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸின் குழு வற்புறுத்தியதால் மனம் மாறியதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அந்தக் குழுவில் இயற்பியல் பின்புலம் கொண்ட இயன் கிரஹாமின் தரவு ஆய்வும் அடக்கம். பயிற்சியாளர் சொன்ன பெயரை நிர்வாகம் அப்படியே வாங்கவும் இல்லை. நிர்வாகம் வாங்கியதைப் பயிற்சியாளர் தலையெழுத்தென ஏற்கவும் இல்லை. எப்படிப்பட்ட வீரர் தேவை என்பதில் ஒப்புதல் இருந்ததால், எந்த வீரர் என்பதில் வேறுபடவும் விவாதிக்கவும் முடிந்தது. நல்ல சேர்க்கைக்கு இந்த வரிசை இன்றியமையாதது.

இந்த அமைப்பு எவ்வளவு நுண்மையானது என்பதை 2020-21 காட்டியது. அக்டோபரில் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் வான் டைக் முழங்காலில் காயமடைந்தார். மற்றப் பின்கள வீரர்களான கோமஸும் மாட்டிப்பும் அடுத்தடுத்து காயத்தால் விழுந்தனர். ஃபபின்யோவும் ஹெண்டர்சனும் பின்களத்துக்கு இறக்கப்பட்டனர். அதனால் ஓட்டை பின்களத்தோடு நிற்கவில்லை. நடுக்களத்தின் காவல் போயிற்று. ஃபுல்பேக்குகளின் துணிவு குறைந்தது. முன்களத்துக்குப் பந்து வருவது தாமதமானது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் அணி தோற்றது. கழக வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஒரே பயிற்சியாளர், ஒரே உத்தி, பெரும்பாலும் அதே வீரர்கள். அறுந்தவை இணைப்புகள்.

5. செல்சி: வாங்கியவர் ஒருவர், பெற்றுக்கொண்டவர் வேறொருவர்

2022 மே இறுதியில் டாட் போலியும் கிளியர்லேக் நிறுவனமும் தலைமையேற்ற குழு செல்சியை வாங்கியது. அடுத்த வாரங்களில் டிரான்ஸ்ஃபர் பணிகளை நெடுங்காலம் நடத்திவந்த மரினா கிரானோவ்ஸ்காயாவும் தொழில்நுட்ப ஆலோசகர் பீட்டர் செக்கும் விலகினர். போலி தாமே தற்காலிக விளையாட்டு இயக்குநரானார். 2021இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற பின்களத்திலிருந்து அந்தோனியோ ரூடிகரும் ஆண்ட்ரியாஸ் கிறிஸ்டென்சனும் ஒப்பந்தம் முடிந்து கட்டணமின்றி வெளியேறினர். ஆட்டக் கட்டமைப்பின் மிக முதிர்ந்த இணைப்பும், சேர்க்கைத் துறையின் நினைவும் ஒரே கோடையில் போயின.

சந்தையின் கடைசி நாளான செப்டம்பர் 1 அன்று பியர்-எமரிக் ஆபமெயாங் வாங்கப்பட்டார். செல்சியின் அப்போதைய பயிற்சியாளர் தாமஸ் டூகலின் கீழ் முன்பு டார்ட்மண்டில் சிறப்பாக ஆடியவர். டூகலின் அணியில் அவருக்குப் பொருள் இருந்தது. ஆறு நாள் கழித்து டூகல் நீக்கப்பட்டார். அடுத்து வந்த கிரஹாம் பாட்டர் பிப்ரவரியில் சாம்பியன்ஸ் லீக் பட்டியலிலிருந்து ஆபமெயாங்கை விட்டுவிட்டார். ஒரு பயிற்சியாளருக்காக வாங்கிய கருவி அடுத்தவருக்குப் பாரமானதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக்காலத்தில் அரிது.

2023 ஜனவரியில் முட்ரிக், பாடியாஷில், மதுவேக்கே, என்சோ ஃபெர்னாண்டஸ் உள்ளிட்டோர் வந்தனர். கடன் முறையில் ஜோவா ஃபெலிக்ஸும் வந்தார். என்சோவுக்குக் கொடுத்த 10.68 கோடி பவுண்ட் அப்போது பிரிட்டிஷ் சாதனை. இரண்டு சந்தைகளிலும் சேர்த்துச் செலவு சுமார் 60 கோடி பவுண்ட் எனச் செய்திகள் மதிப்பிட்டன. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுவேஃபாவின் விதிப்படி சாம்பியன்ஸ் லீக்கின் அடுத்த சுற்றுக்குப் புதியவர்களில் மூவரையே பதிவு செய்ய முடிந்தது. வந்தவர்களில் சிலரை ஐரோப்பிய ஆட்டங்களில் ஆடவைக்கவே வழியில்லை. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய ஒப்பந்தங்கள் கணக்கேட்டில் விலையைப் பரப்பிக் காட்ட உதவின. பின்னர் யுவேஃபா அந்தப் பரப்பலை ஐந்தாண்டுக்குள் கட்டுப்படுத்தியது. இவற்றுள் எதுவும் பாட்டரின் கேள்விக்குப் பதில் தரவில்லை: திங்கட்கிழமைப் பயிற்சியில் எந்தப் பதினொருவரைச் சேர்த்து நிறுத்துவது?

ஒரு பயிற்சியாளர் இருபத்திரண்டு பேரை வைத்து இரண்டு அணிகளாகப் பிரித்து உத்தியை ஒத்திகை பார்க்க முடியும். முப்பதுக்கு மேல் போனால் சிலர் ஒத்திகைக்கு வெளியே நிற்கிறார்கள். நிற்பவர்களும் பெரும் விலைக்கு வந்தவர்கள் என்பதால் வாரந்தோறும் பதினொருவர் மாறுகிறார்கள். மாறும்போதெல்லாம் இணைகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றன. பாட்டர் ஏப்ரலில் நீக்கப்பட்டார். லாம்பார்ட் தற்காலிகமாக வந்தார். செல்சி 38 ஆட்டங்களில் 38 கோல் அடித்து, 44 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் முடித்தது. தனித்தனியே எடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் சிறந்த வீரர்கள். அந்தத் திறமை வீணானதில் பாதிக்கப்பட்டவர்கள் ரசிகர்கள் மட்டுமல்லர்; இருபது, இருபத்தொரு வயதில் நாடு விட்டு நாடு வந்து, தம் வேலை என்னவென்று சொல்ல ஒரு நிலையான மேலாளர்கூட இல்லாமல் தவித்த இளைஞர்களும்தான்.

6. அத்லெட்டிக்: எல்லையைத் தாமே வரைந்துகொண்டவர்கள்

1898இல் தோன்றிய அத்லெட்டிக், 1912 வாக்கிலிருந்து பாஸ்க் மண்ணில் பிறந்த அல்லது அங்கே கால்பந்து கற்ற வீரர்களை மட்டுமே ஆடவைக்கிறது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா தவிர, ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறையும் இறங்காத கழகம் இது ஒன்றே. வீரர்கள் பெரும்பாலும் லெசாமா பயிற்சிக்கூடத்தில் சிறு வயதிலிருந்தே சேர்ந்து வளர்கிறார்கள். ஆகவே சேர்ந்து ஆடிய காலம் என்ற செல்வம் இவர்களுக்கு ஏராளம்.

ஒருங்கிணைவே எல்லாம் என்று வாதிடுவோர் இக்கழகத்தை விரும்பிக் காட்டுவர். ஆனால் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, ஒரே வகைச் சேர்க்கை ஒரே உத்தியைத் தருவதில்லை. 1983, 1984 லீக் பட்டங்களை வென்ற ஹவியர் கிளெமென்டேயின் அணி உடல்வலுவும் நேரடிப் பந்தும் கொண்டு ஆடியது. 2011இல் வந்த மார்செலோ பியெல்சா அதே நிலப்பரப்பின் வீரர்களைக் கொண்டு களமெங்கும் ஆளுக்கு ஆள் துரத்தும், ஓயாமல் ஓடும் ஆட்டத்தை உருவாக்கினார். 2012இல் அவ்வணி மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்களுடைய சொந்த மைதானத்திலும் பில்பாவோவிலும் வென்று, ஐரோப்பா லீக், ஸ்பானியக் கோப்பை ஆகிய இரண்டு இறுதி ஆட்டங்களை எட்டியது. சேர்க்கை எல்லையை வரைகிறது; அந்த எல்லைக்குள் பயிற்சியாளருக்கு இடமுண்டு.

இரண்டாவது, இணைப்பு அறுந்தால் நீண்ட பழக்கமும் காப்பாற்றாது. 2012 ஆகஸ்டில் ஹாவி மார்ட்டினெஸை 4 கோடி யூரோ விடுவிப்புத் தொகை கட்டி பயர்ன் மியூனிக் எடுத்துச்சென்றது. ஃபெர்னாண்டோ யோரெண்டே ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்ததால் அவருக்கும் கழகத்துக்கும் பிணக்கு மூண்டது. மாற்றாள் தேடக் கழகத்துக்கு இருந்த பரப்பு மிகச் சிறியது. அதே பயிற்சியாளரின் கீழ் அடுத்த பருவத்தில் லீக்கில் 12ஆம் இடமே கிடைத்தது. 2018இல் கோல் காப்பாளர் கெப்பாவுக்குச் செல்சி கட்டிய 8 கோடி யூரோவும், அதே ஆண்டு பின்கள வீரர் லபோர்த்துக்கு மான்செஸ்டர் சிட்டி கட்டிய 6.5 கோடியும் அத்லெட்டிக்கின் கருவூலத்தை நிரப்பின. ஆனால் அவ்வளவு பணத்தையும் கொண்டு சந்தையில் சாதாரணமாக ஒரு மாற்றாளை வாங்க அக்கழகத்தால் முடியாது. ஒருங்கிணைவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை இது. 2024 ஏப்ரலில் மயோர்க்காவைப் பெனால்ட்டியில் வென்று 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பானியக் கோப்பையை எடுத்தபோது, அந்த விலை வீணல்ல என்று பில்பாவோ மக்கள் உணர்ந்திருப்பார்கள். ஆயினும் பிற கழகங்கள் இதை அப்படியே நகலெடுக்க முடியாது. கழகத்தையும் நிலத்தையும் ஒன்றாகக் காணும் மக்களின் பொறுமை அதற்கு அடித்தளம்.

7. எதிர்ச் சான்றுகள்

என் வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க சான்றுகளையும் எடைபோட வேண்டும்.

ஒன்று, நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட். 23 ஆண்டுகளுக்குப் பிறகு 2022இல் பிரீமியர் லீக்குக்கு ஏறிய இக்கழகம் ஒரே கோடையில் இருபதுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தது. பலரும் கேலி செய்தனர். ஆனால் ஏற்றத்துக்குக் காரணமான முக்கிய வீரர்கள் பலர் கடனில் வந்தவர்கள். அவர்கள் திரும்பிவிட்டதால் அணியே பாதி காலி. வாங்காமல் இருக்க வழியில்லை. அக்டோபரில் பட்டியலின் அடியில் இருந்தபோது, பயிற்சியாளர் ஸ்டீவ் கூப்பரை நீக்காமல் புதிய ஒப்பந்தம் கொடுத்தது நிர்வாகம். அணி 16ஆம் இடத்தில் தப்பியது. இறங்காமல் தப்புவது சிறிய வெற்றிதான். எனினும் புதியவர்கள் மிகுந்திருந்தாலும் அவர்களைச் சேர்க்கும் கை மாறாதிருந்தால் அணி ஒருவாறு நிலைபெறும் என்பதை இது காட்டுகிறது.

இரண்டு, செல்சியின் பிற்காலம். அதே உரிமையாளர்கள் வாங்கிக் குவித்த அணி 2024-25இல் லீக்கில் நான்காம் இடமும் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையும் பெற்றது. 2025 ஜூலையில் பாரிஸ் சான்-ஜெர்மனை 3-0 என வென்று கழக உலகக் கோப்பையை எடுத்தது. எனில் குவிப்பு சரிதானா? அந்த வெற்றிகளின்போது என்சோவும் கைசெடோவும் இரண்டு பருவங்கள் நடுக்களத்தில் சேர்ந்து ஆடி முடித்திருந்தனர். கோல் பாமர் என்ற வீரரைச் சுற்றி ஆட்டம் நிலைபெற்றிருந்தது. பயிற்சியாளர் என்ஸோ மரெஸ்கா முழுப் பருவமும் பொறுப்பில் இருந்தார். காலமும் இணைப்பும் வந்துசேர்ந்த பிறகே பணம் பலித்தது. ஆனால் இவ்விளக்கத்தைத் தொந்தரவு செய்யும் ஒரு வீரர் உண்டு. ஜோவா பெட்ரோ அந்தக் கோப்பையின் நடுவில் வந்துசேர்ந்து, அரையிறுதியில் இரண்டும் இறுதியில் ஒன்றுமாகக் கோல் அடித்தார். காலம் எல்லோருக்கும் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை என்பதை ஏற்க வேண்டும். அணியின் வடிவம் தெளிவாக இருந்து, வருகிறவரின் பொறுப்பும் தெளிவாக இருந்தால், கற்கும் காலம் சுருங்குகிறது. அதாவது முதல் அளவுகோல் இரண்டாவதன் சுமையைக் குறைக்கிறது.

மூன்று, லெஸ்டர். 2015-16இல் 81 புள்ளிகளோடு பட்டம் வென்ற அணியின் வழக்கமான பதினொருவரில் அடுத்த கோடையில் விற்கப்பட்டவர் ஒரே ஒருவர்: கான் கழகத்திலிருந்து 60 லட்சம் பவுண்டுக்கும் குறைவாக வாங்கப்பட்ட என்கோலோ கான்டே. சேர்க்கைப் பிரிவை நடத்திய ஸ்டீவ் வால்ஷும் எவர்ட்டனுக்குப் போனார். எஞ்சிய பத்துப் பேரின் பழக்கம் அப்படியே இருந்தும், அடுத்த பருவத்தில் லெஸ்டர் 44 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் முடித்தது. 2022-23 செல்சி பெற்ற அதே புள்ளி, அதே இடம். சாம்பியன்ஸ் லீக் சுமை, எதிரணிகளின் விழிப்பு என வேறு காரணங்களும் உண்டு. சரிவு முழுவதையும் கான்டேயின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் இரண்டு பேருக்கான நடுக்களத்தை மூன்று பேரைப் போல் ஆடவைத்தவர் போனதும், ஆழத்தில் நின்று முன்கள வீரர் வார்டிக்குப் பந்து அனுப்பும் முழு உத்தியும் தன் நிலத்தை இழந்தது. ஒருவர் குறைந்தும் அணி உடையலாம், இருபது பேர் கூடியும் உடையலாம். எண்ணிக்கை சரியான அளவுகோல் அல்ல.

இவற்றோடு பணத்தின் வரம்பையும் மறக்கலாகாது. லிவர்பூல் ஏழைக் கழகம் அல்ல, தன் வீரர் கூட்டின்யோவை 14.2 கோடி பவுண்ட் வரையிலான விலைக்குப் பார்சிலோனாவிடம் விற்ற வசதி அதற்கு இருந்தது. ஒருங்கிணைவு ஓர் ஏழைக் கழகத்தை ஆண்டுதோறும் செல்வந்தக் கழகங்களுக்கு மேலே நிறுத்தாது. ஏறக்குறைய சமமான வசதியுள்ள கழகங்களுக்கிடையே யார் மேலே என்பதைத் தீர்மானிப்பதில்தான் அதன் பங்கு பெரிது.

8. முடிவுரை

சான்றுகளைத் தொகுத்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். வீரர் சேர்க்கையைச் சந்தை நடவடிக்கையாக மட்டும் கருதுவது பிழை. ஓர் ஆண்டுக்குப் பிறகு அணி எப்படி ஆட இயலும், எப்படி ஆட இயலாது என்பதை அது முன்கூட்டி எழுதிவிடுகிறது. புதியவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, அவர்களுடைய பொறுப்பு வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்பதும், வரையறுத்தவர் அவர்களைப் பயிற்றுவிக்கும் வரை பதவியில் நீடிக்கிறாரா என்பதும் ஒருங்கிணைவைக் கூடுதலாகப் பாதிக்கின்றன. ஒரு வீரரின் மதிப்பில் கணிசமான பங்கு அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் இடையிலான இணைப்பில் இருக்கிறது. அதை விலைப்பட்டியல் காட்டாது.

இதிலிருந்து ஒரு கோரிக்கையும் எழுகிறது. தோல்விக்குப் பயிற்சியாளரை நீக்கும் நிர்வாகம், அந்த அணியைச் சேர்த்ததில் தன் பங்கையும் அதே கண்டிப்புடன் ஆராய வேண்டும். பயிற்சியாளரை மாற்றியே ஆக வேண்டுமெனில், கையிலிருக்கும் வீரர்களால் ஆடக்கூடிய ஆட்டத்தை நம்புகிறவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அணியை இடித்துக் கட்டும் செலவை இறுதியில் ரசிகர்களின் சீட்டுக் கட்டணமும் இளம் வீரர்களின் இழந்த ஆண்டுகளுமே ஈடுகட்டுகின்றன. விமர்சகர்களான நாமும் சந்தை மூடும் நாளில் யார் அதிகம் செலவிட்டார்கள் என்று எண்ணுவதை விட்டு, வாங்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எந்த வேலை, யாருக்குப் பக்கத்தில், யாருடைய திட்டத்தில் என்று கேட்கத் தொடங்க வேண்டும். இம்மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாத கழகம் எவ்வளவு செலவிட்டிருந்தாலும் தன் அணியைத் தற்செயலிடம் ஒப்படைத்திருக்கிறது.